எனக்கு நானே கேக்கல

முதல்லயே சொல்லிடறேன். அந்தப் பாட்டுல வர்ற 'நீ' நான்தான். ரயிலேறிப் போன காதலி இல்ல, கல்யாணமாகிப் போன காதலியும் இல்ல. எண்பத்தெட்டு கிலோ எடையும் ஒரு மீசையுமா டிரம்ஸ் வாசிக்கிற நான். என் வீட்டுக்காரியைக் கேட்டாலே சொல்லுவா, என்னை நெனச்சு எவனும் பாட்டுக் கட்ட மாட்டான்னு. ஆனா நடந்தது அதுதான். பாடல் பின்கதைப் பேரவை முத்திரை குத்தி வெளியிட்ட கதையில வேற மாதிரி இருக்கும். நம்புறவங்க அதை நம்பிக்கங்க, எனக்கு அதுல ஒண்ணும் வருத்தம் இல்ல. என் வருத்தம் வேற.

எங்க ராக் குழுவுக்குப் பேரு 'தகர டப்பா'. நாங்களா வெச்சது இல்ல. நாங்க பழகுற ஷெட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ்ல கொடுத்த புகார்ல இருந்து எடுத்தது. பதினோரு வருஷமா காலேஜ் விழா, கடை திறப்பு, ஒரு தடவை பல் ஆஸ்பத்திரி திறப்புன்னு வாசிச்சுட்டிருந்தோம். பாடுறவனுக்குப் பட்டப்பேரு தொண்டை. அவன் வாயைத் திறந்தான்னா மைக்கே ரெண்டடி பின்னால போகும். அவன் என் தங்கச்சி புருஷன்.

என் தங்கச்சி அதுக்கு நேரெதிர். குரல்னு ஒண்ணு இருக்கான்னே சந்தேகமா இருக்கும். அஞ்சாம் வகுப்புல பேர் கூப்பிடும்போது அவ 'உள்ளேன் ஐயா'ங்கறது வாத்தியாருக்குக் கேக்காம, வருஷம் பூரா பள்ளிக்கூடத்துக்கே வராத பொண்ணுன்னு பதிவாயிடுச்சு. எங்கப்பா போய், தினமும் நான்தான் சார் சைக்கிள்ல கொண்டாந்து விடறேன்னு சத்தியம் பண்ண வேண்டியதாப் போச்சு. இப்பவும் அப்படித்தான். கச்சேரி முடிச்சு வந்தா தொண்டை சமையலறை வாசல்ல சப்பணம் போட்டு உக்காந்துக்குவான். அவ அடுப்புக்கிட்ட நின்னு அன்னிக்கு நடந்ததையெல்லாம் முணுமுணுன்னு சொல்லிட்டிருப்பா. எனக்கு ஒரு எழவும் புரியாது. அவனுக்கு மட்டும் ஒரு எழுத்து விடாமப் புரியும். "இந்தச் சத்தத்துக்கெல்லாம் அதுதான் மச்சான் மருந்து"ம்பான்.

இப்ப பாட்டுக் கதைக்கு வரேன்.

ஒரு டைரக்டர் எங்களைக் கூப்பிட்டு, படத்துல கதாநாயகன் மழையில நடக்கும்போது வர்ற மாதிரி ஒரு மெதுவான பாட்டு வேணும்னார். மெட்டு போட்டாச்சு. வரி எழுத வேண்டிய கவிஞர், இன்னிக்கு வரேன் நாளைக்கு வரேன்னு இழுத்துட்டே இருந்தார். சினிமாவுல இதுக்கு ஒரு வழக்கம் உண்டு. வரி வர்ற வரைக்கும் வாய்க்கு வந்த சொல்லைப் போட்டு மெட்டைப் பாடி வெச்சுடுவாங்க. டம்மி வரின்னு சொல்லுவாங்க. 'காப்பி ஆறிப்போச்சு, கதவைச் சாத்து'ன்னெல்லாம் பாடி வெச்சிருக்கோம். அப்புறம் கவிஞர் அந்த இடத்துல நிலவையும் நதியையும் கொண்டாந்து வெப்பார்.

அன்னிக்கு ஸ்டுடியோவுல தொண்டை ஹெட்போனை மாட்டிட்டு ஒரு கண்ணாடிக் கூண்டுல நிக்கறான். நான் அடுத்த கூண்டுல டிரம்ஸோட. பாட ஆரம்பிச்சவன் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"எனக்கு நான் கேக்கலண்ணே. கொஞ்சம் ஏத்துங்க."

இது சவுண்ட்காரரைப் பாத்து எல்லாப் பாடகனும் நாளைக்கு முப்பது தடவை சொல்ற பேச்சு. அவன் குரல் அவன் ஹெட்போன்ல சத்தமா வரலன்னு அர்த்தம். அவரு ஏத்தினார். மறுபடி ஆரம்பிச்சான், மறுபடி கேக்கலன்னான். அவரு இன்னும் ஏத்தினார். மூணாவது தடவை நிறுத்தினா எல்லாருக்கும் கோவம் வரும்னு, மனுஷன் மெட்டுலயே பாடிட்டான்.

'கேக்குதா... கேக்குதா... எனக்கு நானே கேக்கல... நீ மட்டும் கேக்குற... கொஞ்சம் ஏத்து, கொஞ்சம் ஏத்து...'

'நீ மட்டும் கேக்குற'ன்னப்ப என் பக்கம் திரும்பி முறைச்சான். டிரம்ஸ் சத்தம் மட்டும் அவன் மண்டைக்குள்ள இடிக்குதுன்னு அர்த்தம். நான் சிரிச்சுட்டே இன்னும் ரெண்டு போடு போட்டேன்.

பாட்டு முடிஞ்சு பாத்தா டைரக்டர் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் தொடைச்சிட்டிருக்கார்.

"யாரு அவ?"ன்னார்.

"யாரு?"ன்னான் தொண்டை.

"அந்த 'நீ'."

தொண்டை என்னைக் கையைக் காட்டினான். டைரக்டர் அவன் தோளைத் தட்டி, "வலியை மறைக்கத் தெரிஞ்சவன்தான் கலைஞன்"னுட்டு, அந்த டம்மியையே அப்படியே படத்துல வெச்சுட்டார்.

பாட்டு பிச்சிக்கிட்டுப் போச்சு. பஸ்ல, சலூன்ல, கல்யாண மண்டபத்துல, எங்க திரும்பினாலும் ஒருத்தர் 'கேக்குதா'ம்பார், நாலு பேர் 'கேக்கல'ம்பாங்க. பதினோரு வருஷம் சீந்துவாரில்லாமக் கிடந்தவனுங்களுக்கு இப்படி ஒண்ணு நடந்தா எப்படி இருக்கும்? தரையில கால் பாவல எங்களுக்கு. அந்தச் சந்தோஷத்துல சவுண்ட்காரர் சொன்ன ஒரு விஷயத்தை நான் காதுல போட்டுக்கவே இல்ல. "அன்னிக்கு உங்க ஆளுக்கு நான் உச்சத்துல வெச்சிருந்தேன் தம்பி. அதுக்கு மேல ஏத்தினா ஹெட்போன் கிழிஞ்சிருக்கும். எதுக்கும் ஒரு டாக்டரைப் பாருங்க"ன்னார் அவர்.

தங்கச்சிதான் கண்டுபிடிச்சா. அவ பேசப் பேச அவன் 'ம்'னு தலையாட்டறான், ஆனா பதில் சம்பந்தமே இல்லாம வருது. உப்பு தீந்துடுச்சுன்னா 'ஆமா, நல்ல மழை'ங்கறான். கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனா. நானும் கூடப் போனேன்.

காது டாக்டர் ஒரு அம்மா. சுத்தி வளைக்காமப் பேசினாங்க. "இடது காது பாதிக்கு மேல போயிடுச்சு. வலது கிளம்பிட்டிருக்கு. மொதல்ல மெல்லிசான சத்தம்தான் போகும். அப்புறம் ஒவ்வொண்ணா. இருபத்தோரு நாள் ஊசி, மாத்திரை. அந்த இருபத்தோரு நாளும் பெரிய சத்தம் பக்கத்துலயே போகக் கூடாது. பத்து நாளுக்குள்ள ஆரம்பிச்சா இருக்கறதைக் காப்பாத்தலாம். தள்ளிப்போட்டா, போனது போனதுதான்."

"எங்கிட்ட மிச்சம் எவ்வளவு டாக்டர் இருக்கு?"ன்னான் தொண்டை.

அந்தம்மா என் தங்கச்சியைப் பேசச் சொன்னாங்க. அவ என்னமோ சொன்னா. "பாதி கேட்டுச்சு"ன்னான். டாக்டர், "அந்தப் பாதியைத்தான் காப்பாத்தணும்"னாங்க.

பத்து நாள்ங்கறது தாராளமான கெடுதான். நடுவுல பேரவை வராம இருந்திருந்தா.

பாடல் பின்கதைப் பேரவையைப் பத்தித் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஒரு பாட்டு ஊரை உருக்கிடுச்சுன்னா அதுக்குப் பின்னால ஒரு கதை இருந்தே ஆகணும்னு ஒரு சட்டம் போட்டு, அந்தக் கதையைச் சரிபார்க்க நாலு மாடியில ஒரு கட்டடம் கட்டி, நூத்தம்பது பேரை உக்கார வெச்சிருக்காங்க. வருஷத்துக்கு ஒரு பாட்டுக்கு 'பொற்செவி விருது' கொடுப்பாங்க. முழங்கை உயரத்துக்குத் தங்க முலாம் பூசின ஒரு காது. விருது வாங்குற குழு முப்பது நாள்ல முப்பது அரங்கத்துல, அங்கீகரிக்கப்பட்ட பின்கதையோட சேத்து அந்தப் பாட்டைப் பாடியாகணும். மாட்டேன்னா மேடைத் தகுதியை ரத்து பண்ணிடுவாங்க. அப்புறம் பல் ஆஸ்பத்திரியில கூட வாசிக்க முடியாது.

டாக்டரைப் பாத்துட்டு வந்த அன்னிக்குத்தான் கடுதாசி வந்துச்சு. எங்களுக்குப் பொற்செவி. எட்டாம் நாள் பயணம் தொடக்கம்.

"ஒரு மாசம் தள்ளிப்போடச் சொல்லி எழுதிக் கொடுத்தா ஆச்சு. அவங்களும் மனுசங்கதானே"ன்னேன் நான்.

மறுநாள் பேரவைக்குப் போனோம். ஓய்வு கேக்கப் பன்னெண்டு கட்டம் போட்ட ஒரு படிவம் இருந்துச்சு. பதினோரு கட்டமும் பேரு, குழு, பாட்டு, பாட்டோட கால அளவு, கண்ணீர் வரவழைச்ச இடங்கள்னு போச்சு. பன்னெண்டாவது கட்டத்துல 'காரணம்'. தொண்டை, 'எனக்குக் காது கேக்கல'ன்னு எழுதி நீட்டினான்.

கவுன்டர்ல இருந்த அம்மா படிச்சாங்க. அவங்க கண்ணு தளும்பிடுச்சு. பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. அவரு நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டார். பின்னால இருந்த நாலஞ்சு பேர் எழுந்து வந்து கோரஸா ஒரு தடவை 'கேக்கல'ன்னு பாடிட்டுப் போனாங்க.

"இது விண்ணப்பம் மேடம்"னேன்.

"தெரியுது சார். ஆனா விண்ணப்பத்துல பாட்டு வரியைப் பயன்படுத்தணும்னா கவிஞரோட ஒப்புதல் கடிதம் வேணும்."

"பாட்டு வரி இல்லம்மா. நிஜமாவே கேக்கல"ன்னான் தொண்டை.

"அதே வரிதானே சார்"ன்னாங்க அந்தம்மா, கையில ஒரு கையெழுத்தும் வாங்கிக்கிட்டு.

கவிஞர்னதும் எங்களுக்கு ஒண்ணும் புரியல. பாட்டுக்கு வரியே எழுதாத கவிஞர்கிட்ட என்ன ஒப்புதல்? அப்புறம்தான் தெரிஞ்சுது. பாட்டு ஓட ஆரம்பிச்ச வாரமே அவரு அதைத் தன் பேர்ல பதிவு பண்ணிட்டார். ஆளைப் புடிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. சாய்வு நாற்காலியில காலை நீட்டிட்டு, மடியில ஒரு சால்வையோட உக்காந்திருந்தார்.

"அந்த ஒரு சொல்லுக்கு நாற்பது நாள் அலைந்தேன்"னு ஆரம்பிச்சார். "'கேட்கவில்லை' என்று எழுதினேன். அடித்தேன். 'கேளாது' என்று எழுதினேன். கிழித்தேன். நாற்பத்தோராம் நாள் பல் துலக்கும்போது, நுரையோடு நுரையாக, 'கேக்கல' வந்து விழுந்தது."

"ஐயா, நாங்க ரெக்கார்டு பண்ணது அதுக்கு முந்தின மாசம்"னான் தொண்டை.

"கவிதைக்கு முன்னே பின்னே கிடையாது தம்பி."

"எனக்கு உண்மையிலயே காது போயிட்டிருக்குங்கய்யா. பெரிய மனசு பண்ணி..."

கவிஞர் கண்ணை மூடிட்டார். "எவ்வளவு ஆழமாக என் வரிக்குள் இறங்கிவிட்டாய்!"ன்னு சொல்லி, ஒப்புதல் கடிதம் எழுதிக் கொடுத்தார். வெளிய வந்து படிச்சோம். 'கேக்கல' என்ற சொல்லைப் பாடகர் இனிமேல் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் பயன்படுத்திக்கலாம்; அலுவலகக் காரியங்களில் 'செவிப்புலன் குன்றல்' என்று எழுத வேண்டும். என் தங்கச்சி அதை ரெண்டு தடவை படிச்சுட்டு, மடிச்சுக் கைப்பையில வெச்சுக்கிட்டா. எதுக்குடின்னு கேட்டேன். வீட்டுல சொல்லிக்கலாம்ல, அதுக்குத்தான்னா.

அஞ்சாம் நாள், செவிப்புலன் குன்றல்னு எழுதின புதுப் படிவத்தோட டாக்டர் கொடுத்த காது பரிசோதனைச் சீட்டையும் சேத்துக் கொடுத்தோம். கவுன்டர் அம்மா ரெண்டையும் ஒரு பெரிய ஃபைலோட ஒப்பிட்டுப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினாங்க.

"பாட்டோட அங்கீகரிக்கப்பட்ட பின்கதையில காதலி ரயில்ல போறாங்க. செவிப்புலன் எங்கயும் குன்றலயே சார். முரண்பாடு வருது. முரண்பாடு வந்தா கருத்துக் கேட்புக் கூட்டம் வெக்கணும்."

"எந்தக் காதலிம்மா? இவதான் என் பொண்டாட்டி. வேற எவளும் கிடையாது"ன்னான் தொண்டை.

அந்தம்மா என் தங்கச்சியைப் பரிதாபமாப் பாத்தாங்க. "உங்களுக்குத் தெரியாம இருக்கலாம்"னு ஆறுதல் வேற.

ஏழாம் நாள் கூட்டம். நீளமான மேஜை, அஞ்சு உறுப்பினர்கள், ஆளுக்கொரு மைக், எதுவும் வேலை செய்யல. எதிர்ல எங்க மூணு பேருக்கும் மூணு நாற்காலி. முதல் உறுப்பினர் வாயசைச்சார்.

"என்னங்க? கேக்கல"ன்னான் தொண்டை.

அஞ்சு பேரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் எழுந்து ஸ்டுடியோவுல நடந்ததை ஒண்ணு விடாமச் சொன்னேன். டம்மி வரி, ஹெட்போன், உச்சத்துல வெச்ச வால்யூம், 'நீ'ங்கறது நான்தான்னு எல்லாத்தையும். ஒரு உறுப்பினர் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "யாருக்குக் காது குத்தறீங்க?"ன்னார்.

அப்புறம் பேரவைச் செயலாளர் எழுந்தார். வெள்ளை வேட்டி மாதிரி வெளுத்த முகம், சட்டைப் பையில மூணு பேனா. அவர் பேசினதை எழுத்துப் பிசகாமச் சொல்றேன், நான் மறக்கவே மாட்டேன்.

"அன்பர்களே! இப்பேரவை இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு பாடல்களுக்குப் பின்கதை வழங்கியிருக்கிறது. அவற்றில் ஒன்றுகூடப் பொய் என்று எவரும் நிரூபித்ததில்லை. ஏனென்றால் நிரூபிக்க நாம் எவரையும் விட்டதில்லை. (கைதட்டல்.) இந்தத் தம்பி சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். உண்மையை நாம் மறுக்கவில்லை. அது பாட்டுக்குப் பொருந்தவில்லை என்றுதான் சொல்கிறோம். நாற்பது லட்சம் பேர் இந்தப் பாட்டைக் கேட்டு அழுதிருக்கிறார்கள். நானே என் அறையைத் தாளிட்டுக்கொண்டு அழுதேன். நான் அழுதது ஒரு ஹெட்போனுக்காக என்று நாளை என் வீட்டில் எப்படிச் சொல்வேன்? ஒரு மனிதனின் காதா, நாற்பது லட்சம் பேரின் கண்ணீரா? பேரவை எப்போதும் மக்கள் பக்கம்தான்."

உக்காரும்போது டாக்டர் சீட்டைக் கையில எடுத்தார். காது எவ்வளவு கேக்குதுன்னு காட்ட ஒரு கோடு, மேல இருந்து கீழ சரிஞ்சு இறங்கும். "இது பாட்டின் சுரக்குறிப்பா? என்ன அழகாக இறங்குகிறது!"ன்னார். பயணச் சுவரொட்டியில அதையே பின்னணிப் படமாப் போடச் சொல்லிட்டார்.

கடைசியா, குடும்பத்தார் சொல்ல ஏதாவது உண்டான்னு கேட்டாங்க. என் தங்கச்சி எழுந்தா. பக்கத்துல இருந்ததால எனக்குக் கேட்டுச்சு. "அவருக்கு என் குரல்தான் மொதல்ல போகுதாம். ஒரு இருபத்தோரு நாள் கொடுங்க. அப்புறம் எத்தனை ஊர் வேணும்னாலும் பாடட்டும்." மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் முகத்துலயும் ஒரு அசைவும் இல்ல. எழுத்தர் மட்டும் ஏதோ எழுதினார். கூட்டக் குறிப்பைக் கையில கொடுத்தப்ப பாத்தேன். 'பாடகரின் மனைவி வருகை தந்தார். ஆட்சேபணை இல்லை.'

அஞ்சாம் வகுப்புல வந்தவளை வரலன்னு எழுதினாங்க. இங்க வந்ததையாவது ஒத்துக்கிட்டாங்களேன்னு வாய்விட்டுச் சிரிச்சேன். எனக்கு அழத் தெரியல அப்ப. முடிவைப் பதினஞ்சு வேலை நாளுக்குள்ள தபால்ல அனுப்பறதாச் சொன்னாங்க.

எட்டாம் நாள் பயணம் கிளம்பிடுச்சு.

இங்க ஒண்ணு ஒத்துக்கணும். போக வேண்டாம்டா, மேடை போனாப் போகட்டும்னு நான் சொல்லியிருக்கலாம். மூத்தவன் நான். சொல்லல. பதினோரு வருஷம் தகரம் தட்டினவனுக்கு நாலாயிரம் பேர் முன்னால வாசிக்கணும்னு இருக்காதா? தொண்டை என் முகத்தைப் பாத்தான். பாத்துட்டு, "ஒரு பத்து ஊர் போலாம் மச்சான். அதுக்குள்ள கடுதாசி வந்துடும்"னான். எனக்காகச் சொன்னான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வண்டியில டிரம்ஸை ஏத்தினேன்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அரங்கம். மொதல்ல பேரவை அதிகாரி பின்கதையை வாசிப்பார். அவர் வாசிக்கும்போது பெட்டி தூக்கின ஒரு பொண்ணு மேடையோட இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு நடந்து போகும். அதுதான் காதலி. அப்புறம் நாங்க. இவன் 'கேக்குதா'ன்னதும் நாலாயிரம் பேர் 'கேக்கல'ன்னு கத்துவாங்க. நாலு மூலையிலயும் ஆள் உயர ஸ்பீக்கர்.

ரெண்டாம் நாள் நான் பெரிய டிரம்முக்குள்ள ஒரு போர்வையைத் திணிச்சு, மெல்லமாத் தட்டிப் பாத்தேன். மூணாம் நாளே ஒலி ஆய்வாளர் ஒருத்தர் கையில மீட்டரோட வந்துட்டார். ஒலி ஒப்புதல் அளவைவிடக் குறைவு, இது பின்கதையை அவமதிக்கும் செயல்னு ஒரு நோட்டீஸ். போர்வையைப் பறிமுதல் பண்ணிட்டுப் போனார். மறுநாள்ல இருந்து பழையபடி அடிச்சேன். ஒவ்வொரு அடியும் எங்க போய் விழுதுன்னு தெரிஞ்சே அடிச்சேன்.

தங்கச்சி தினமும் மத்தியானம் போன் பண்ணுவா. ஆரம்பத்துல இவன் தனியாப் போய் அரைமணி நேரம் பேசிட்டு வருவான். அப்புறம் பத்து நிமிஷமாச்சு. பன்னெண்டாவது ஊர்ல, போனைக் காதுல வெச்சவன் அதை மாத்தி மாத்தி ரெண்டு காதுலயும் வெச்சுப் பாத்துட்டு என்கிட்ட நீட்டினான்.

"நீ பேசு மச்சான். நெட்வொர்க் சரியில்ல."

நெட்வொர்க் முழுசா இருந்துச்சு. நான் வாங்கினேன். "அண்ணா, நெட்வொர்க்கா?"ன்னு கேட்டா அவ.

"ஆமாம்மா, நெட்வொர்க்தான்"னேன்.

பதினேழாவது ஊர்ல அவன் பாட்டை நடுவுல நிறுத்திட்டான். கையைத் தூக்கி என்னையும் நிறுத்தச் சொன்னான். மைக்கைப் புடிச்சு, "நிறுத்துங்க. பாட்டு இல்ல இது. நெசமாச் சொல்றேன். எனக்கு நானே கேக்கல. தயவு செஞ்சு யாராவது..."ன்னான். குரல் உடைஞ்சு போச்சு.

அப்புறம் நாலாயிரம் பேரும் செல்போன் விளக்கை ஏத்திப் புடிச்சுக்கிட்டு, 'கேக்கல... கேக்கல...'ன்னு அழுதுட்டே பாடினாங்க. மேடை ஓரத்துல செயலாளர் மூணு பேனாவும் நனையற அளவுக்கு அழுதார். "இதைத் தினமும் செய்யச் சொல்லுங்க"ன்னார். மறுநாள்ல இருந்து நிகழ்ச்சி நிரல்லயே அச்சடிச்சுட்டாங்க: '7.40 - பாடகர் பாட்டை நிறுத்துதல். 7.41 - மன்றாடுதல்.'

அதுக்கப்புறம் அவனும் தினமும் 7.40க்கு நிறுத்துவான், 7.41க்கு மன்றாடுவான். அவனுக்குத் தாளம் கேக்கலன்னு எனக்குத் தெரியும். என் கையைப் பாத்துப் பாத்துத்தான் பாடினான்.

முப்பதாம் நாள் பொற்செவியைக் கையில கொடுத்தாங்க. அதோட கூடவே ஒரு உறை. 'தாங்கள் கோரிய ஓய்வு, பயணம் நிறைவுற்ற மறுநாளிலிருந்து இருபத்தொரு நாட்களுக்குக் கனிவுடன் அனுமதிக்கப்படுகிறது. காரணம்: காதலி பிரிவு.'

நேரா காது டாக்டர்கிட்டதான் போனோம். அந்தம்மா சோதிச்சுப் பாத்துட்டு, "ஏன் இவ்வளவு நாள்?"ன்னு கேட்டாங்க. அவன் அவங்க வாயையே பாத்துட்டிருந்தான். அப்புறம் என்னைப் பாத்தான். நான் பேரவைக் கடுதாசியை எடுத்து நீட்டினேன். படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. வலது காதுல மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, தடியான சத்தம், பக்கத்துல நின்னு கத்தினா கேக்கும்னு ஒரு தாள்ல எழுதிக் காட்டினாங்க.

இப்ப நான் தினமும் சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். காரணம் இருக்கு. சொன்னேன்ல, தடியான சத்தம் மட்டும்தான் அவனுக்குக் கேக்கும்னு. பதினோரு வருஷம் டிரம்ஸுக்கு மேல கத்திக் கத்திப் பழகின குரல் எனக்கு. அவன் பாடினது பலிச்சுப் போச்சு. என்னைத் தவிர யாரும் அவனுக்குக் கேக்கல.

நேத்து போனப்ப அவன் வழக்கம்போல சமையலறை வாசல்ல சப்பணம் போட்டு உக்காந்திருந்தான். அலமாரியில பொற்செவி, பக்கத்துல அந்த வீட்டு உபயோகக் கடிதம். தங்கச்சி அடுப்புக்கிட்ட நின்னு என்னமோ சொல்லிட்டிருந்தா, பழக்கதோஷம். அவன் அவ முதுகையே பாத்துட்டிருந்தான். அவ திரும்பினா. அவன் சிரிக்க முயற்சி பண்ணி, "கொஞ்சம் ஏத்து"ன்னான்.

அவ ஏத்தினா. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினா. அவ பொறந்ததுல இருந்து நான் கேக்காத சத்தம் அது. அவன் தலையை ஆட்டினான், இல்லன்னு. அவ மறுபடி வாயைத் திறந்தா, காத்துதான் வந்துச்சு. கரண்டியை வெச்சுட்டு என்கிட்ட வந்தா. புருஷனுக்குச் சொல்ல வேண்டியதை அண்ணன்கிட்ட சொல்லணுமேன்னு கூச்சத்துல முகத்தைத் திருப்பிக்கிட்டே, என் காதோரம் முணுமுணுத்தா.

நான் அவன் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்தேன். அவனோட வலது காதுக்கு நேரா வாயை வெச்சு, நெஞ்சுல இருக்கற மூச்சையெல்லாம் சேத்துக் கத்தினேன்.

"நீ பேசறது இவளுக்குக் கேக்குதாம்டா! இவளுக்கு அது போதுமாம்! உனக்குக் கேக்குதா? மாப்ளே, கேக்குதா?"

தெருவுல பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்தவங்க காதுல விழுந்திருக்கும் போல. ஜன்னலுக்கு வெளிய இருந்து பத்துப் பதினஞ்சு குரல், சுருதி பிசகாம, சேந்து பாடுச்சு.

'கேக்கல...'